முந்தின டெஸ்டில் போட்ட ஓவர்கள்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சாயங்காலம் டென்னிஸ் பால் ஆடும் கல்லூரிப் பையன் எவனையாவது நிறுத்தி, கிரிக்கெட்டில் இந்தியாவுக்குப் பெரிய எதிரி யார் என்று கேளுங்கள். பாகிஸ்தான் என்று யோசிக்காமல் சொல்வான். சரி, இரண்டு பேரும் கடைசியாக டெஸ்ட் ஆடியது எப்போது என்று கேட்டால் முழிப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது, அந்த மேட்ச் 2007 டிசம்பரில் பெங்களூரில் நடந்தது, அப்போது அவன் தவழ்ந்துகொண்டிருந்திருப்பான், இல்லை பிறந்தே இருக்க மாட்டான்.

அதுவரை இரண்டு நாடுகளும் ஆடியது 59 டெஸ்ட். பாகிஸ்தான் 12, இந்தியா 9, மீதி 38-ம் டிரா. இவ்வளவு பகை இருந்தும் இத்தனை டிராவா? பகை ஜாஸ்தியாக இருந்ததால்தான் இத்தனை டிரா என்பது என் கட்சி. 1952-ல் முதல் தொடர் நன்றாகவே ஆரம்பித்தது. டெல்லியில் இந்தியா, லக்னோவில் பாகிஸ்தான், பம்பாயில் மறுபடி இந்தியா என்று மூன்று மேட்ச்சிலும் முடிவு கிடைத்தது. அப்புறம் மெட்ராஸ், கல்கத்தா இரண்டும் டிரா. 1954-55-ல் பாகிஸ்தானில் ஐந்தும் டிரா, 1960-61-ல் இந்தியாவில் ஐந்தும் டிரா. தோற்றுப்போய் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்ற பயம் இரண்டு கேப்டன்களுக்கும் இருந்தது. ஜெயிக்க ஆசைப்பட்டு தோற்பதைவிட, ஆசையே படாமல் டிரா செய்வது மேல் என்று ஆடினார்கள். நடுவில் 1965, 1971 என இரண்டு போர்கள் வந்ததில் 1978 வரை டெஸ்டே கிடையாது.

டெஸ்ட் தொடர் சூடு பிடிக்க வெறுப்பு போதாது. இரண்டு பேரும் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும், இரண்டு பேரும் ஜெயிக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும்விட முக்கியமாக, போன மேட்ச்சில் வாங்கிய அடிக்குப் பதில் சொல்ல அடுத்த மேட்ச் ஒன்று பாக்கி இருக்க வேண்டும். ஒரு நாள் ஆட்டத்தில் அன்றைக்கு யார் நன்றாக ஆடினார்களோ அவர்கள் கதை, அவ்வளவுதான். டெஸ்ட் தொடரில் அப்படி இல்லை, பல சமயம் ஒரு மேட்ச்சின் முடிவு அதற்கு முந்தின மேட்ச்சிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. யார் எத்தனை ஓவர் போட்டார், யாருக்கு எந்தப் பந்தில் பயம் வந்தது, யாருடைய தொடைத் தசை பிடித்தது, இதெல்லாம் அடுத்த மேட்ச்சுக்குக் கடனாகப் போகும்.

1999 சேப்பாக்கம் டெஸ்டைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரிசுகள் இன்னும் பெருமூச்சு விடுவார்கள். கடலூர், பாண்டிச்சேரிக்காரர்களுக்கு டெஸ்ட் மேட்ச் என்றால் சேப்பாக்கம்தானே, பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம். 271 அடிக்க வேண்டிய இடத்தில் முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்து, 254-ல் அவுட்டாகி, அதற்கப்புறம் நாலே ரன்னில் மீதி விக்கெட் எல்லாம் விழுந்து, 12 ரன்னில் தோல்வி. சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது, அவர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். அடுத்து டெல்லியில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் 74 ரன்னுக்குப் பத்து விக்கெட்டையும் எடுத்தார். 1-1. அதோடு தொடர் முடிந்தது! உச்சக்கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். உடனே கல்கத்தாவில் இன்னொரு டெஸ்ட் ஆடினார்கள்தான், ஆனால் அது ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் கணக்கில் போனது. ஆக அந்தத் தொடரை ஜெயித்தது யார் என்றால் யாரும் இல்லை.

இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடும் ஆஷஸ் தொடர் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1930-ல் இங்கிலாந்து போன பிராட்மன் ஐந்து டெஸ்டில் 974 ரன் அடித்தார். அதற்குப் பதிலாகத்தான் 1932-33-ல் ஜார்டினும் லார்வுட்டும் உடம்பைக் குறிவைத்துப் போடும் பாடிலைன் வந்தது. லார்வுட்டுக்கு 33 விக்கெட், பிராட்மன் சராசரி 56.57-க்கு இறங்கியது, இங்கிலாந்து 4-1. ஒரு தொடரில் பட்ட கடனை அடுத்த தொடரில் வட்டியோடு தீர்த்தார்கள். அசிங்கமான வழிதான்.

இப்போது இந்தியா–ஆஸ்திரேலியா. இன்றைக்கு இதைவிடப் பெரிய டெஸ்ட் தொடர் எதுவும் இல்லை என்பேன், ஆஷஸ் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஆனால் இது பரம்பரைச் சண்டை கிடையாது. 1947-48-ல் அமர்நாத் தலைமையில் போன அணி பிராட்மன் அணியிடம் 4-0 என்று தோற்றது. ஆஸ்திரேலியாவை முதல்முறை தோற்கடித்தது 1959-ல் கான்பூரில், ஜசு பட்டேல் என்ற ஆஃப் ஸ்பின்னர் ஒரே மேட்ச்சில் 14 விக்கெட் எடுத்தபோது. அப்புறமும் அவர்கள் எப்போதாவதுதான் இந்தப் பக்கம் வந்தார்கள். 1969-70-க்கு அப்புறம் 1979-80, அதற்கப்புறம் 1986, அதற்கப்புறம் பத்து வருஷம் ஒன்றுமே இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்கிறவர்களுக்குள் என்ன பகை வரும்?

நடுவில் அந்த 1986 சேப்பாக்கம் மேட்ச் மட்டும் விதிவிலக்கு. செப்டம்பர் மாதம் கடலோரத்தில் எப்படிப் புழுங்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலையில் குளித்த ஈரம் காய்வதற்குள் வேர்வை வந்துவிடும். அந்தப் புழுக்கத்தில், பக்கிங்ஹாம் கால்வாய் நாற்றத்தோடு, டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்தார். பிட்ச்சிலேயே வாந்தி எடுத்தார். முடியவில்லை என்றதும் கேப்டன் பார்டர், சரி, நீ போ, தெம்பான குயின்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனைக் கூப்பிடுகிறேன் என்கிற மாதிரி குத்திக்காட்ட, விக்டோரியாக்காரரான ஜோன்ஸ் ரோஷப்பட்டு நின்று ஆடினார், ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். கடைசி நாள் இந்தியாவுக்கு 348 வேண்டும். கவாஸ்கர் 90 அடித்தார். கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும், ஒரு விக்கெட் பாக்கி. சாஸ்திரி மூன்று ரன் எடுத்து சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போனார். மேத்யூஸ் போட்ட ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ., அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார், மேட்ச் டை. பேட்டில் பட்டது என்று மணிந்தர் சொல்லிவந்தார், அந்த வழக்கு முடியவே முடியாது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது டை. ஆனால் கவனியுங்கள், டெல்லியில் மழை, பம்பாயில் டிரா, தொடர் 0-0. அப்படி ஒரு மேட்ச் நடந்தும் பகை பிறக்கவில்லை, ஏனென்றால் தொடர்ச்சி இல்லை.

தொடர்ச்சி வந்தது 1996-ல். பார்டர்–கவாஸ்கர் கோப்பை என்று பெயர் வைத்து, டெல்லியில் ஒரே ஒரு டெஸ்டோடு ஆரம்பித்தார்கள். மோங்கியா 152, இந்தியா ஜெயித்தது. அதிலிருந்து 2024-25 வரை 17 தொடர். இந்தியா 10, ஆஸ்திரேலியா 6, ஒன்று சமன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மோதிக்கொண்டால் பழைய கணக்கு மறக்காது, போன தடவை திட்டினவன் இந்தத் தடவையும் ஸ்லிப்பில் நிற்பான்.

1998-ல் ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னுக்காக டெண்டுல்கர் தயாரானது பலருக்கும் தெரிந்த கதை. முன்னாள் லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணனை வைத்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே சொரசொரப்பான இடத்தில் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். சேப்பாக்கம் முதல் இன்னிங்ஸில் வார்ன் அவரை 4 ரன்னில் தூக்கிவிட்டார். இரண்டாவது இன்னிங்ஸில் 155 நாட் அவுட். பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள், நான் பார்க்கச் சொல்வது அதற்கு அப்புறம். அந்தத் தொடர் முழுக்க வார்னுக்குக் கிடைத்தது 10 விக்கெட், ஒவ்வொன்றுக்கும் 54 ரன் கொடுத்து. சென்னையில் வாங்கிய அடி கல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் கூடவே வந்தது.

2001 இன்னும் நல்ல உதாரணம். தொடர்ச்சியாக டெஸ்டுகளை ஜெயித்துக்கொண்டே வந்த ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலிய அணி மும்பையில் மூன்றே நாளில் பத்து விக்கெட்டில் ஜெயித்தது, அது அவர்கள் வரிசையாக ஜெயித்த 16-வது டெஸ்ட். கில்கிறிஸ்ட் 122. கொல்கத்தாவில் இந்தியா 171-க்குச் சுருண்டு ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடி பேட் செய்ய வேண்டிய நிலை. அங்கிருந்து லட்சுமண் 281, திராவிட் 180, நாலாம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. 657-க்கு ஏழு விக்கெட் என்று டிக்ளேர் செய்தபோது ஆஸ்திரேலியா அந்த இன்னிங்ஸில் மட்டும் 178 ஓவர் போட்டிருந்தது, அதுவும் முதல் இன்னிங்ஸ் போட்டு முடித்த கையோடு. கடைசி நாள் ஆஃப் ஸ்பின்னர் ஹர்பஜன் சுற்றி எடுத்தார், 171 ரன்னில் வெற்றி. இப்போதெல்லாம் கேப்டன்கள் ஃபாலோ ஆன் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றால் அதற்கு இந்த மேட்ச்சும் ஒரு காரணம், பவுலர்களின் கால் என்ன ஆகும் என்ற பயம்.

நடுவில் இரண்டே நாள் ஓய்வு, அடுத்து சேப்பாக்கம், மார்ச் மாத வெயில். ஹெய்டன் 203 அடித்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 340-க்கு மூன்று விக்கெட் என்ற நிலையில் ஸ்டீவ் வா ஸ்டம்ப் பக்கம் போன பந்தைக் கையால் தள்ளி அவுட்டானார். எத்தனை வருஷம் ஆடிய மனுஷன், பதறிப்போனால் கை தானாகப் போகும் போல. 391-க்கு ஆல் அவுட். களைத்துப்போன பவுலிங்கை இந்தியா 501 அடித்தது, டெண்டுல்கர் 126. ஹர்பஜனுக்கு அந்த மேட்ச்சில் 15 விக்கெட், தொடரில் 32. கும்ப்ளே காயத்தால் ஆடாத தொடர் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடைசியில் 155 எடுக்க எட்டு விக்கெட் போய், மூச்சு முட்டி ஜெயித்தார்கள். மும்பையில் 122 அடித்த கில்கிறிஸ்ட் அதற்கப்புறம் எடுத்தது 0, 0, 1, 1. பாண்டிங் ஐந்து இன்னிங்ஸில் மொத்தம் 17 ரன், ஐந்து தடவையும் ஹர்பஜனிடம்தான் அவுட். இது திறமைக் குறைவு இல்லை, பாண்டிங் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பந்து மண்டைக்குள் ஏறி உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் இறங்காது, அதுதான் தொடர்.

கொஞ்சம் ஊர்க்கதை. பாண்டிச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததால் அங்கே கால்பந்துக்கும், இரும்புக் குண்டு வீசி ஆடும் பெத்தாங்குக்கும் இருந்த மரியாதை கிரிக்கெட்டுக்கு வெகுநாள் இல்லை. ரஞ்சியில் புதுச்சேரி தனி அணியாக இறங்கியதே 2018-19-ல்தான். இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத தெற்கே கடலூர்ப் பையன் தமிழ்நாடு சங்கத்தின் மாவட்ட அணி வழியாக வரவேண்டும், வடக்கே உள்ளவனுக்குச் சொந்த ரஞ்சி அணி. ஆடுவதென்னவோ இரண்டு பேரும் ஆறு ஓவர், எட்டு ஓவர் டென்னிஸ் பால்தான். ஆனால் பார்க்கும் விஷயத்தில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆஸ்திரேலியாவில் தொடர் நடப்பது சரியாக மார்கழியில். மெல்போர்ன், சிட்னி டெஸ்ட் எல்லாம் நமக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பம். கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை எப்படியும் எழுப்பிவிடும், எழுந்த பிறகு என்ன, டிவியைப் போட வேண்டியதுதான்.

2020-21 தொடர் அப்படித்தான். அடிலெய்டில் 36-க்கு ஆல் அவுட், இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர். கோலி குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்பிவிட்டார். மெல்போர்னில் ரஹானே 112 அடித்து சமன் செய்தார். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் சிட்னி கடைசி நாள்: ரிஷப் பந்த் 97, புஜாரா 77 அடித்துப் போன பிறகு, தொடைத் தசை கிழிந்த விஹாரியும், முதுகு பிடித்துக்கொண்ட அஸ்வினும் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. இருவரும் தமிழில் பேசிக்கொண்டது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது, விடிகாலையில் அதைக் கேட்ட சுகம் தனி. பிரிஸ்பேன் காபா மைதானத்துக்கு வா, பார்த்துக்கொள்கிறேன் என்று ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் அஸ்வினைச் சீண்டினார். அந்த இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா போட்டது 131 ஓவர். முடிவு டிரா என்று பேப்பரில் வந்தது. ஆனால் அது வெறும் டிரா இல்லை.

மாட்டுப் பொங்கல் அன்று பிரிஸ்பேனில் அடுத்த டெஸ்ட். நாலு மேட்ச்சிலும் அதே கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட், லயன், ஒருவருக்கும் ஓய்வு இல்லை. இந்தியப் பக்கம் பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி, உமேஷ் என்று எல்லாரும் காயம். இறங்கிய ஐந்து பவுலர்களுக்கும் சேர்த்து அதுவரை நாலு டெஸ்ட் அனுபவம்தான். அதில் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் 123 சேர்த்தார்கள். கடைசி நாள் 328 துரத்தும்போது புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து ஆடி 56 எடுத்தார், என்னய்யா இந்த ஆமை ஆட்டம் என்று திட்டினவர்கள் உண்டு. ஆனால் ஏற்கெனவே சிட்னியில் களைத்திருந்த பவுலர்களை அவர் இன்னும் களைக்க வைத்தார், அந்தக் களைப்பின் மேல்தான் ரிஷப் பந்த் 89 அடித்தார். ஸ்டார்க்குக்கு அந்த இன்னிங்ஸில் ஒரு விக்கெட்கூட இல்லை. 1988-க்கு அப்புறம் காபாவில் தோற்காத ஆஸ்திரேலியா தோற்றது. 2018-19-லும் இதே வித்தைதான், புஜாரா நாலு டெஸ்டில் 1258 பந்து ஆடினார், ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றி அதிலிருந்துதான் வந்தது.

பந்தும் பிட்ச்சும் இதில் சேரும். ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா பந்து. புதுசில் கொஞ்ச நேரம் ஸ்விங் ஆகும், தையல் சீக்கிரம் அமுங்கிவிடும், அதற்கப்புறம் விக்கெட் வேண்டுமென்றால் வேகத்தாலும் உயரத்தாலும் பிட்ச்சை ஓங்கி அடித்துத்தான் எடுக்க வேண்டும், அது உடம்பைத் தின்னும் வேலை. இந்தியாவில் கையால் தைத்த எஸ்.ஜி. பந்து, தையல் எழும்பி நிற்கும், ஸ்பின்னருக்குப் பிடி கிடைக்கும். அதனால் இங்கே வருகிறவர்களை மனசளவில் உடைக்கிறோம், அங்கே போனால் நம் ஆட்களின் முதுகை அவர்கள் உடைக்கிறார்கள்.

2024-25-ல் அதுதான் நடந்தது. 1991-92-க்கு அப்புறம் முதல் தடவையாக ஐந்து டெஸ்ட். பெர்த்தில் 295 ரன்னில் இந்தியா ஜெயித்தது. அந்த மேட்ச் முடிந்த வாரத்திலேயே ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கடலூரில் பாதிப் பேருக்கு கிரிக்கெட் நினைப்பே இல்லாமல் போனது. கரண்ட் வந்து டிவியைப் போட்டால் அடிலெய்டில் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. பிரிஸ்பேன் டிரா, அதோடு அஸ்வின் 537 விக்கெட்டுடன் விடைபெற்றார். இந்தியாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆயுதம், பும்ரா. 32 விக்கெட், சராசரி 13.06. அதற்கு விலையாக 150 ஓவருக்கு மேல். ஐந்தாவது டெஸ்டில், சிட்னியில், இரண்டாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டது, கடைசி இன்னிங்ஸில் அவரால் ஒரு பந்துகூடப் போட முடியவில்லை. ஆஸ்திரேலியா 162-ஐ ஆறு விக்கெட் மிச்சம் வைத்து எடுத்தது, தொடர் 3-1. மூன்று டெஸ்டோடு முடிந்திருந்தால் 1-1, பும்ராவும் ஹீரோ. ஐந்து டெஸ்ட் என்றால் ஒருத்தரை நம்பிப் பிழைக்க முடியாது, பின்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்கும். அவர்களுக்குக் கம்மின்ஸ் 25 எடுத்தார், ஹேசல்வுட் காயத்தில் போனதும் போலண்ட் வந்து, சிட்னியில் மட்டும் பத்து விக்கெட்.

இதனால்தான் இரண்டு டெஸ்ட் தொடர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் விதிப்படி ஒரு தொடருக்கு இரண்டு டெஸ்ட் இருந்தால் போதும். ஐந்து டெஸ்ட் ஆடுவது இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று பேரும் தங்களுக்குள் மட்டும்தான். மற்ற வாரியங்களுக்கு டெஸ்ட் நடத்தினால் கைக்காசு போகிறது, டிவிக்காரர்கள் பணம் கொட்டுவது டி20-க்கு. 2025-ல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலக டெஸ்ட் சாம்பியன் ஆன தென்னாப்பிரிக்கா, அந்தச் சுற்றில் ஆடிய எல்லாத் தொடரும் இரண்டு டெஸ்ட்தான். அதே அணி அந்த நவம்பரில் இந்தியா வந்தது. கொல்கத்தாவில் 30 ரன்னில் ஜெயித்ததுமே இந்தியாவால் தொடரை ஜெயிக்க முடியாது என்று ஆகிவிட்டது, குவாஹாட்டியில் 408 ரன்னில் இன்னும் மோசமாகத் தோற்றது. 2001-ல் மும்பையில் தோற்ற அணிக்குச் சேப்பாக்கம் பாக்கி இருந்தது, இவர்களுக்கு எதுவும் இல்லை. பாதிப் பந்தியில் இலையை எடுக்கிற வேலை இது. தென்னாப்பிரிக்காவும் பாவம்தான், இந்தியாவில் வந்து இப்படி ஜெயித்தவர்கள் இன்னும் மூன்று டெஸ்ட் ஆடி 4-0, 5-0 என்று எழுதும் வாய்ப்பு அவர்களுக்கும் போயிற்று.

2025 கோடையில் இங்கிலாந்தில் நடந்ததையும் பார்த்தோம். ஐந்து டெஸ்ட், ஐந்தும் கடைசி நாள் வரை போனது. மான்செஸ்டரில் ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் சதம் அடித்து மேட்ச்சை இழுத்து டிரா செய்தார்கள். அடுத்து ஓவலில் கேப்டன் ஸ்டோக்ஸ் தோள்பட்டைக் காயத்தால் இறங்கவில்லை, தோள் விலகிய வோக்ஸ் ஒரு கையைத் தூளியில் கட்டிக்கொண்டு பேட் செய்ய வந்தார், ஐந்து டெஸ்டும் ஆடிய சிராஜ் கடைசி நாளும் ஓடிவந்து போட்டு ஆறு ரன்னில் ஜெயிக்க வைத்தார், 2-2. மான்செஸ்டரில் அந்த இரண்டு பேர் ஆடியதை வெறும் மழுப்பல் ஆட்டம் என்று எழுதினவர்கள் ஓவல் ஸ்கோர்கார்டை ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.

2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்டுக்கு இங்கே வரவேண்டும். முதல் டெஸ்ட் முடிந்ததும் எல்லாரும் பிட்ச்சைத் திட்டுவார்கள், டாஸைத் திட்டுவார்கள். நான் பார்க்கப்போவது ஸ்கோர்கார்டில் பவுலிங் பக்கத்தின் முதல் பத்தியை, யார் எத்தனை ஓவர் போட்டார் என்பதை, அதுவும் இரண்டாவது டெஸ்ட் முடிந்த பிறகு.